காக்கா தொடாத கிழங்கு

அந்தக் காக்கா மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு பறவையோடு இவளுக்கு என்ன வழக்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் சொல்லி முடித்த பிறகும் அப்படிக் கேட்க வாய் வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். பாக்சிக், பாக்சிக் என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டு, படம் வரைந்து காட்டி, பொறுமையாகச் சொன்னாள். எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது. இவர் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பையனைப் போல எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வெளியே வந்து லிஃப்ட் கதவு மூடியதும் என் பக்கம் திரும்பி, "பசிக்குது லா. நாசி கண்டார் தாப்பாவ் பண்ணிட்டுப் போவமா?" என்றார். பொரித்த கோழித் தொடையும் மேலே எண்ணெய் மிதக்கும் குழம்புமாகச் சோற்றைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போகலாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மருந்துப் பையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தேன். லிஃப்ட்டில் இருந்த சீனக் கிழவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

என் பயம் சும்மா வந்த பயம் இல்லை. இவருடைய அப்பா, என் மாமனார், ஐம்பத்து நான்கு வயதில் போனவர். தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவோமே, அந்தப் படையல் முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு, பிரம்பு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அவருக்கும் இதயம்தான். தூக்கிப் படுக்க வைத்தபோது அவர் விரலில் கிழங்கு மசாலா ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே மாமியார் மிச்சக் காலத்தை ஓட்டினார். இப்போது அது சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் அதில்தான் போய்ச் சாய்வார். வேறு இடமே கிடைக்காது பாருங்கள் அந்த மனுசனுக்கு. வரப்போகிற தீபாவளி மாதத்தில் இவருக்கும் அதே ஐம்பத்து நான்கு பிறக்கும். ஸ்டென்ட் வைத்த அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான். அவருக்கும் அந்த நினைப்பு இருந்ததா என்று தெரியாது. வாயைத் திறந்து சொன்னால்தானே.

இவர்கள் குடும்பத்துக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். தோலோடு விரல் நீளத்துக்கு வெட்டி, மஞ்சள், மிளகாய்த்தூள், சோம்புத்தூள் போட்டுப் பிசறி, சட்டி நிறைய எண்ணெயில் சிவக்கச் சிவக்கப் பொரித்து, அதே எண்ணெயில் கறிவேப்பிலையையும் உருவிப் போட்டு எடுப்பார்கள். ரசம் வைத்தாலும் அதுதான், கோழிக்குழம்பு வைத்தாலும் அதுதான். நானும் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதைப் பொரித்துக் கொட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சட்டியைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பினாள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர் அதை நாலு பக்கமும் சுற்றி வந்தார். "இதுல எண்ணெய் எங்க ஊத்துறது?"

"ஊத்த வேணாம். காத்துலயே வேகும்."

"காத்துலயா? அப்ப ஜன்னல்ல வச்சாப் போதுமே" என்றார் பாவி மனுசன்.

முதல் தடவை நான் செய்தது நன்றாக வரவில்லை. அதை நானே சொல்கிறேன். பச்சைக் கிழங்கை வெட்டி, மசாலாவைத் தடவி, ஒரு சொட்டு எண்ணெயும் விடாமல் கூடை நிறையக் குவித்து மூடிவிட்டேன். மேலே இருந்தது கருகி, அடியில் இருந்தது வேகாமல், மிளகாய்த்தூள் நெடி மூக்கில் ஏறி, இரண்டு பேரும் தும்மித் தள்ளினோம். ஒரு துண்டை எடுத்துக் கடித்தவர் கடவாயிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "லோரி டயர் மாதிரி இருக்கு" என்றார். லோரி ஓட்டிப் பிழைத்தவர். டயரின் சுவை அவருக்குத் தெரியும் போலும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்குப் பக்தி வந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் அமாவாசை என்பது என் ஒருத்தியின் பாடு. கடலுக்கு அக்கரையில் ஜுருவில் இருக்கிற தொழிற்சாலைக்கு விடிவதற்குள் பஸ் ஏற வேண்டியவள் நான். வேலை முடிந்து, பாலத்து நெரிசலில் நின்று, வீட்டுக்கு வந்து, குளித்து, மாமனார் படத்துக்கு முன்னால் இலை போடுவேன். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கும்பிட்டுவிட்டு டிவிக்குப் போவார். அப்படிப்பட்டவர் திடீரென்று நாள்காட்டியைப் புரட்டி அமாவாசை தேதியைச் சொன்னார். "அப்பாவுக்கு ஒழுங்கா ஒரு படையல் போடணும். அவருக்குப் பிடிச்சத வச்சுப் படைக்கணும். இத்தன வருஷம் ஏனோ தானோன்னு செஞ்சுட்டோம்" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடம்புக்கு வந்தாலாவது புத்தி வருகிறதே என்று நான், மடச்சி, சந்தோஷப்பட்டேன். மேல்தட்டிலிருந்து சட்டியை நானே இறக்கினேன். செத்த மனிதருக்குப் பிடித்தது எண்ணெயில் பொரித்த கிழங்குதானே. அவருக்கு ஏது கொலஸ்ட்ரால்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படையல் போட்டு, காக்காவுக்கு வைத்து, காக்கா தொட்ட பிறகு, படைத்த இலையில் மூத்த மகன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது இவர்கள் வீட்டு வழக்கம். அந்த இலையில் உள்ளதை வீணாக்கவும் கூடாது, வேறு யாரும் தொடவும் கூடாது. இவர்தான் ஒரே மகன்.

அடுத்து இவர் அம்மாவின் திதி வந்தது. அம்மாவுக்கும் கிழங்குதான் பிடிக்குமாம். அடுத்த அமாவாசை வந்தது. அதற்கு இடையில் ஒரு சித்தப்பா செத்த நாள் நினைவுக்கு வந்தது. "நாமதான் நெனைக்கணும், அவருக்கு யாரு இருக்கா" என்றார். கிழங்கு கொஞ்சமாக வைத்தால், "என்ன இது, பிச்ச போடுற மாதிரி? பெரியவங்க மனசு நோகும்" என்று இலையைக் காட்டிச் சொல்வார். நானும் அள்ளி வைப்பேன். கும்பிட்ட கையோடு உட்கார்ந்து, பேச்சு மூச்சு இல்லாமல் தின்றுவிட்டு, அந்த நாற்காலியில் போய்ச் சாய்வார். நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒரு ஏப்பம் விடுவார். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பேன்.

அவரைக் காட்டிக்கொடுத்தது பாலிக் புலாவில் இருந்த பெரியப்பாதான். ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர், செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரு சனிக்கிழமை இவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, "இன்னிக்கிப் பெரியப்பா நாள். கிழங்கு கொஞ்சம் நெறையா பொரி. அவருக்கு ரொம்ப இஷ்டம்" என்றார். என் கை அப்படியே நின்றது. அந்தப் பெரியப்பா வாயுக்காரர். கல்யாணமான புதிதில் நாங்கள் விருந்துக்குப் போனபோது என் கண் முன்னாலேயே கிழங்கை இலையின் ஓரத்துக்குத் தள்ளி, "இத வச்சவ எவ? என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று பெரியம்மாவைத் திட்டியவர். கிழங்கைக் கண்டாலே எழுந்து போகிற ஆளுக்கு இஷ்டமாம்!

"உங்க பெரியப்பாவுக்கா? கிழங்கா?"

"ஏன்?"

"ஏனா? நாக்கு அடங்காம, செத்தவங்களச் சாட்சிக்குக் கூப்பிட்டுத் திங்கிறீங்களே, வெக்கமா இல்ல? உங்க அப்பா தின்னாரு, அம்மா தின்னாங்க, சித்தப்பா தின்னாரு. தொண்டக்குழியில எறங்குனது யாருக்கு? இன்னும் எத்தன பொணத்தக் கெளப்பிட்டு வரப்போறீங்க?"

அவர் விபூதியைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அவர் நாசி கண்டார் கடைக்குத்தான் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனுசன் சாவைப் பார்த்துத் திரும்பி வந்தவன், அந்தச் சாவையே சாக்காக வைத்துத் தின்கிறானே என்று வயிறு எரிந்தது. அன்றே முடிவு செய்தேன். இனிமேல் இந்த வீட்டில் உயிரோடு இருப்பவருக்கும் செத்தவருக்கும் ஒரே கிழங்குதான். அது மெஷினில்தான் வேகும்.

அவர் விடுவாரா? பட்டர்வர்த்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். என் நாத்தனார் அடுத்த அமாவாசைக்கு ஃபெரி ஏறி நேரில் வந்து நின்றார். "இந்தாம்மா, உயிரோட இருக்கறவன் வாய்ல மண்ணு போட்ட. சரி, டாக்டர் சொன்னான்னு விட்டோம். செத்தவங்க வாயிலயுமா?" என்றார். பெரியவர்களோடு வாய் கொடுக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியது எனக்கே ஆச்சரியம்.

இலை போட்டோம். சோறு, சாம்பார், வடை, பாயசம், அப்பளம். எல்லாம் முறைப்படி. கிழங்கு மட்டும் மெஷினில் வெந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சின்ன இலைத் துண்டில் வைத்து, எட்டாவது மாடித் தாழ்வாரச் சுவரின் மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டோம். ஒரு காக்கா வந்தது. வலது காலில் ஒரு விரல் இல்லாத காக்கா. சோற்றைக் கொத்தியது. வடையைத் தின்றது. அப்பளத்தை நொறுக்கியது. கிழங்கை ஒரு துண்டு அலகில் எடுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்தது, தலையை ஆட்டியது, கீழே போட்டது. போட்டதோடு விட்டதா? அலகைச் சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்தது.

"பாத்தியா? பாத்தியா லா? அப்பாவே வேணாம்னுட்டாரு!" இவருக்கு லாட்டரி அடித்த சந்தோஷம். நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பேருமாக அடுப்படிக்குப் போய்ச் சட்டியை இறக்கி, எண்ணெயைக் கவிழ்த்து, புதிதாகக் கிழங்கு பொரித்து இலையில் வைத்தார்கள். என் அடுப்படியில், என் கண் முன்னால். இவர் உட்கார்ந்து வெற்றி வீரனைப் போலத் தின்றார். சாயங்காலம் நாற்காலியில் இருந்தவர் முகம் வெளுத்து, வேர்த்து, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். "வாயு" என்றார். பெரியப்பாவின் வாயு இவருக்கு வந்துவிட்டதாம்! நாத்தனார் ஓமத்தண்ணி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் நான் அந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியானதும் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு காக்கா அலகைத் துடைத்ததற்காக நான் தாலியை இழக்க வேண்டுமா?

சரி, காக்காதான் பேச வேண்டும் என்றால் காக்காவைப் பேச வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கிழங்கைச் சரிப்படுத்தினேன். அது ஒரு யுத்தம். கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து, தண்ணீரை வடித்து, மூடியைப் போட்டுச் சட்டியோடு நாலு குலுக்குக் குலுக்க வேண்டும். ஓரமெல்லாம் நொய்யரிசி போல உதிர்ந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புத்தான் பிறகு மொறுமொறுப்பு. அதன் மேல் ஒரு கரண்டி அரிசி மாவு, ஒரே ஒரு கரண்டி எண்ணெய், சோம்புத்தூள். கூடையில் குவிக்காமல் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். குவித்தால் வேகும், மொறுகாது. மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகும், பாதி வெந்ததும் இழுத்துத் திறந்து தூவிப் புரட்ட வேண்டும். கறிவேப்பிலை ஒரு தனித் தலைவலி. காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகி நாறும். கிழங்குக்கு அடியில் செருகிவிட்டால் அடங்கி இருக்கும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கருக்கிக் கருக்கி, மகளுக்குப் போன் போட்டுத் திட்டி, மெஷினைத் திட்டி, நானே கண்டுபிடித்தேன். ஒருநாள் துண்டை ஒடித்தபோது மொறுக்கென்று சத்தம் வந்தது. உள்ளே மாவாக இருந்தது. நின்ற இடத்திலேயே நாலு துண்டு தின்றேன்.

அடுத்தது காக்கா. தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன்னால், இவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, முந்தின நாள் கிழங்கில் ரெண்டு துண்டைச் சூடு பண்ணிச் சுவர் மேல் வைத்துக் கூப்பிடுவேன். வேறு எதுவும் வைக்க மாட்டேன். சோறு இல்லை, வடை இல்லை. தின்றால் கிழங்கைத் தின்னு, இல்லாவிட்டால் போ. முதல் சில நாள் அந்த விரல் இல்லாத காக்கா வந்து, பார்த்து, என்னைப் பார்த்து, போய்விட்டது. நான் விடவில்லை. பசித்தால் புலியும் புல்லைத் தின்னும், இது என்ன காக்கா. ஒருநாள் தின்றது. மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து சுவரில் உட்கார்ந்திருந்தது. பிறகு நான் கூப்பிடவே வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுச் சீன அக்கா ஒருநாள் கதவைத் திறந்து நான் காக்காவோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டாள். சாமி கும்பிடுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். செத்துப்போன புருசனுக்குக் காகிதத்தில் கார் வாங்கிக் கொளுத்தி அனுப்பியவள் அவள், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஃபிளாட் ஆபிஸ்காரர்கள் மட்டும் தாழ்வாரத்தில் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டட்டும். உங்கள் வீட்டு ஆம்பிளை நாற்காலியில் சாய்ந்து கிடந்தால் அப்போது தெரியும் உங்களுக்கு.

தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. மாமனார் போனதும் இதே நாள்தான். மகள் வந்திருந்தாள். நாத்தனார் டப்பா நிறையப் பொரித்த கிழங்கோடு வந்து இறங்கினார். எண்ணெய் டப்பாவின் வெளியே கசிந்திருந்தது. நான் சண்டை போடவில்லை. "வைங்கக்கா, இலையில ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆட்டுக்கறி, மீன், முட்டை, பலகாரம், மாமனாருக்கு ஒரு பாட்டில் ஸ்டௌட் பீர். ஒரு பக்கம் நாத்தனார் கிழங்கு, மறுபக்கம் என் கிழங்கு. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். காக்காவுக்கு வைக்கிற இலைத் துண்டிலும் இரண்டு கிழங்கையும் தனித்தனியாக வைத்தேன். இவரே எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அப்பா படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மா, நெஜமாவே காக்காதான் டிசைட் பண்ணுதா?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

"வாய மூடு" என்றேன்.

காக்கா வந்தது. விரல் இல்லாத அதே காக்கா. சுவரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கறியைப் பார்த்தது. கறியை நான் கணக்கில் வைக்கவே இல்லை. பிறகு இரண்டு எட்டு நடந்து வந்து என் கிழங்கில் ஒன்றை எடுத்தது. அண்ணாந்து விழுங்கியது. இன்னொன்றை எடுத்தது. மூன்றாவதையும் அலகில் கவ்விக்கொண்டு எதிர் பிளாக்குக்குப் பறந்தது. நாத்தனாரின் கிழங்கு வைத்தபடி கிடந்தது.

"இது வேற காக்கா லா" என்றார் நாத்தனார்.

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கல்யாணத்திலிருந்து அன்றுவரை இந்த மனுசன் அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூட அழாதவர்.

"அப்பா இருடான்னு சொல்லிட்டாருக்கா" என்றார் அக்காவிடம். "இந்த வயசுல அவரு போனாரு. எனக்கும் அதே வயசு, அதே நெஞ்சு. என்னையும் கூப்புட்டுக்குவாருன்னு இருந்தேன். எப்படியும் போறதுதான, திங்கிறதத் தின்னுட்டுப் போவோம்னுதான்... இப்ப அவரே இதத் தின்னு காட்டிட்டாரு. இதத் தின்னுட்டு இருடான்றாரு."

நாத்தனார் ஓவென்று அழுதார். மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் உச்சந்தலையில் ஏறியது. அப்படியானால் அமாவாசைக்கு அமாவாசை இலையில் உட்கார்ந்து இவர் தின்றது பசிக்கு இல்லை, ருசிக்கும் இல்லை. எங்களை விட்டுப் போவதற்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். நான் என்னவோ நாக்கு நீளம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போறதா முடிவு பண்ணுனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும். "நான் யாரு இந்த வீட்ல? சோறாக்கிப் போட வந்தவளா? கேட்டுக்குங்க. நீங்க போயிட்டீங்கன்னா ஒரு அமாவாசைக்கும் நான் இலை போட மாட்டேன். கிழங்கும் கெடையாது, ஸ்டௌட்டும் கெடையாது. காக்காவக் கூப்பிடவே மாட்டேன். பசியோட சுத்துங்க!"

"அடியேய், நல்ல நாளும் அதுவுமா..." என்றார் நாத்தனார்.

"நீங்க சும்மா இருங்கக்கா!" என்றேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். படைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். என் கிழங்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மென்றார். "உப்பு கம்மி" என்றார்.

"கம்மியாத்தான் போடுவேன்."

தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் தின்றார். அக்காவின் கிழங்கைத் தொடவில்லை. வழக்கத்தை மீறி அதை மகளும் நாத்தனாருமே தின்று தீர்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். மனுசன் அடியோடு மாறிவிட்டார். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சாயங்காலம் நடக்கிறார். நாசி கண்டார் கடைப் பக்கம் திரும்புவதில்லை. அந்த டாக்டர் பிள்ளை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எப்படி பாக்சிக் இப்படி மாறினீர்கள் என்று கேட்டபோது, "அப்பா சொன்னாரு" என்று பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. டாக்டர் சொன்னாள், கேட்கவில்லை. மகள் மெஷின் வாங்கி அனுப்பிச் சொன்னாள், கேட்கவில்லை. நான் தொண்டை வற்றக் கத்தினேன், கெஞ்சினேன், பாத்ரூமில் அழுதேன். காதிலேயே ஏறவில்லை. ஒரு விரல் இல்லாத காக்கா ரெண்டு துண்டு கிழங்கைத் தின்றதும் கேட்டுவிட்டார். சொல்லுங்கள், எனக்குக் கோபம் வருமா வராதா?

காக்காவைப் பழக்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமனார் படத்திடம் மட்டும் சொன்னேன். உங்கள் பேரில் நான்தான் பேசினேன் மாமா, கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை, நீங்கள் அன்றைக்கு வயிறாரத் தின்றுவிட்டுப் போய்விட்டீர்கள், மாமியார் பட்டதை நான் கூட இருந்து பார்த்தவள் என்றேன். அவர் எப்போதும் போல மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவர் ஐம்பத்து நான்கைத் தாண்டிவிட்டார். ஆனால் இப்போதெல்லாம் விடியும் முன்பே அவரும் எழுந்துவிடுகிறார். பல் விளக்கிக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்து, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்பார். வந்திருந்தால் நாள் முழுக்க உற்சாகம். மழை பெய்து காக்கா வராத ஒரு காலையில் மனுசன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அன்று பஸ்ஸை விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, சுவர் ஓரத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதனால் தினமும் விடியும் முன் கிழங்கு வேகிறது. முதல் துண்டு அந்தச் சனியனுக்கு. சுவரில் வைப்பேன். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கும்.

தின்னு, சனியனே, தின்னு. அவர் வந்துகொண்டிருக்கிறார்.